மார்கழி விடுமுறையில் கந்தளாய்க் குளத்தில் பறவை பார்க்கலாமா?

கேள்வி (உப்புவெளி):
மார்கழி விடுமுறையில் என் மாணவர்கள் சிலரை வலசைப் பறவைகள் பார்க்கத் திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய்க் குளத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். உள்ளான்களையும் வாத்துகளையும் அவர்கள் அருகிலிருந்து பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை. மழைக் காலத்தில் இது சரிவருமா?

பதில் (தம்பலகாமம்):
வணக்கம் ஐயா. வாடைக் காற்றோடு வரும் மழையில் கந்தளாய்க் குளம் நிறைந்துவிடுவதால், உள்ளான்கள் இரை தேடும் சேற்றுக்கரை அப்போது நீருக்கடியில் இருக்கும். ஆகவே குளக்கட்டில் நின்றால் கூழைக்கடா, நீர்க்காகம், மீசை ஆலா ஆகியவற்றைக் காணலாமே தவிர, உள்ளான்களை அதிகம் எதிர்பார்க்க முடியாது. அவற்றுக்கு, அதே குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்களே நல்ல இடம். பெரும்போகப் பயிர் இளசாக நிற்கும் அந்த நாட்களில் வரம்போரம் பொரி உள்ளான் வாலை ஆட்டிக்கொண்டே நடப்பதை மாணவர்கள் வெறுங்கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள். வரம்பில் இறங்காமல் வீதியிலேயே நிற்கச் சொல்லுங்கள். பயிரும் மிதிபடாது, பறவையும் எழும்பாது.

பதில் (நிலாவெளி):
முந்தைய பதிலை முழுமையாக ஏற்கிறேன். நிலாவெளியிலிருந்து குச்சவெளி வரையுள்ள களப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஆழம் குறைந்த ஓரங்களில் பவளக்கால் உள்ளான்கள் நிற்கும்; அவற்றின் நீண்ட செந்நிறக் கால்களை முதன்முறை பார்க்கும் பிள்ளையும் மறக்காது. நீலச்சிறகி வாத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: வடக்கே நெடுந்தொலைவிலிருந்து வரும் இவ்வாத்துகளில் ஆணுக்குரிய வெண்புருவம் மார்கழியில் பெரும்பாலும் தெளிவாக இராது, ஏனெனில் இனப்பெருக்கக் கால இறகு அதற்குப் பின்னரே முழுமையாக முளைக்கும். படத்தில் உள்ளதைத் தேடும் பிள்ளைகள் ஏமாறாதபடி இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காலையில் சூரியன் முதுகுப்பக்கம் இருக்குமாறு நில்லுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பாகவே தெரியும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்படியானால் மார்கழியில் வயலும் களப்பும் பார்த்துவிட்டு, மழை ஓய்ந்து நீர் வற்றத் தொடங்கும் மாசியில் குளக்கரைக்கு மீண்டும் செல்வது பொருந்துமா?

பதில் (தம்பலகாமம்):
மிகவும் பொருந்தும். பங்குனி, சித்திரையில் வலசைப் பறவைகள் வடக்கே திரும்பத் தொடங்கிவிடும், அதற்கு முன் செல்லுங்கள். கந்தளாய்ப் பகுதியில் யானை நடமாட்டம் உண்டு. அதிகாலை இருட்டில் பிள்ளைகளை வாகனத்தைவிட்டு இறக்க வேண்டாம்.