புதுப்பிப்பு: துள்ளவும் வேணும், அடியயும் தாங்கணும்

போன த்ரெட்ல கேட்டிருந்தேன்ல, சின்லோன் (பிரம்புப் பந்த கால்ல தட்டி ஆடுற மியான்மர் ஆட்டம்) ஆடுற பசங்களுக்கு குதிகால் பேட் பண்ண, ரப்பர் மாதிரி திரும்பியும் வரணும் அடியயும் வாங்கிக்கணும், ரெண்டும் ஒரே ஹைட்ரோஜெல்ல, அதாவது தண்ணிய பிடிச்சு வச்சிருக்கற பாலிமர் வலையில, நடக்குமான்னு, நடக்கும் மக்களே! 2012ல ஹார்வர்ட்ல ஆல்ஜினேட்டோட (கடல்பாசில இருந்து எடுக்கறது) பாலிஅக்ரிலமைடுங்கற பாலிமரயும் சேர்த்து, ரெண்டு வலையா பின்னிப் பண்ண ஜெல்லு, சுமார் 90 சதவீதம் தண்ணி, ஆனா 20 மடங்கு இழுபடுது. இழுக்கறப்ப ஆல்ஜினேட் வலையில கால்சியம் பிடிச்சு வச்சிருந்த கட்டெல்லாம் ஒண்ணொண்ணா அவுந்து வேகத்த தின்னுடும், பாலிஅக்ரிலமைடு வலை அறுந்து போகாம நின்னு பழைய வடிவத்துக்கு இழுத்துட்டு வந்துடும். சிக்கல் என்னன்னா அவுந்த கட்டு மறுபடி சேர நேரமாகுது, அதுக்குள்ள ஆடுறவன் கால் எத்தன தடவ குதிச்சிருக்கும்! சீக்கிரம் சேர்ற கட்டுதான் நமக்கு வேணும். யாங்கூன் ஏப்ரல் வெயில்ல தண்ணி வத்தி விறைச்சிடும், கிளிசரின் சேருங்க. பாலிஅக்ரிலமைடு பண்ற மூலப்பொருளான அக்ரிலமைடு தூள் நரம்புக்கு விஷம், வீட்ல தொடாதீங்க, கரண்ட் இருக்கற நேரமா பாத்து பிவிஏ (பாலிவினைல் ஆல்கஹால்) கரைசல ஃப்ரீசர்ல உறைய வச்சு உருக்கி ஜெல் பண்ணிப் பாருங்க.