உதவி: வேகமா டைப் பண்ணா எழுத்து கூடுதலா விழுது, வேற மெக்கானிக்கல் கீபோர்டு எது எடுக்கலாம்?

அவசரன்:
கேமுக்குன்னு சில்வர் ஸ்விட்ச் (லேசா அமுக்கினாலே பதியற வகை) கீபோர்டு வாங்கி மூணு மாசம் ஆகுது. கேம்ல பட்டையைக் கிளப்புது. வேகமா டைப் பண்ணாதான் கூடுதலா எழுத்து விழுது, பேக்ஸ்பேஸ் தேய்ஞ்சே போச்சு. ரெட் ஸ்விட்சா (வழுக்கிட்டு இறங்கறது), பிரவுன் ஸ்விட்சா (நடுவுல சின்ன மேடு தட்டறது), எது கேம், டைப்பிங் ரெண்டுக்கும் ஒத்துவரும்? இன்னிக்கே ஆர்டர் போடணும். சீக்கிரம் சொல்லுங்க.

குட்டிக்கீ:
வயரா, ப்ளூடூத்தா, 2.4 டாங்கிளா? ஹாட்-ஸ்வாப்பா, சால்டர் பண்ணதா? 104 கீயா, 87 கீயா? என்ன கேம்? ஒண்ணுமே சொல்லலையே.

லூப்மன்னன்:
ரெட் எடுங்க, ஒவ்வொரு ஸ்விட்சையும் பிரிச்சு ஸ்டெம் (மேலேயும் கீழேயும் போற தண்டு) உரசுற ரெண்டு ரெயில்லயும் 205ஜி0 க்ரீஸ் மெல்லிசா தடவுங்க. வெண்ணெய் மாதிரி ஓடும், டைப்பிங்கும் தானா சரியாயிடும்.

மூத்தகட்டை:
வாரம் தவறாமல் வரும் கேள்வி. மேலே தேடல் பெட்டி என்று ஒன்று இருப்பது அலங்காரத்துக்கு அல்ல. "கூடுதலா எழுத்து" என்றால் என்ன எழுத்து, எந்தக் கீ, எத்தனை தடவைக்கு ஒன்று? மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை, எந்த மாத்திரை?" என்று கேட்பது போல இருக்கிறது.

அவசரன்:
வயர்தான். எஃப்பிஎஸ் (துப்பாக்கிச் சுடுற) கேம். ஹாட்-ஸ்வாப்னா?

குட்டிக்கீ:
ஸ்விட்சை சால்டர் இல்லாம கழட்டி மாட்டலாம்னு அர்த்தம். கீகேப்பை (கீயோட மேல்மூடியை) கழட்டுங்க. ஸ்விட்சோட மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் சின்னக் கொக்கி தெரியும். பெட்டியோட வந்த புல்லரால ரெண்டையும் சேர்த்து அமுக்கி நேரா மேலே இழுங்க. அளவான பலத்துல வந்தா ஹாட்-ஸ்வாப். அசையவே இல்லன்னா சால்டர், மல்லுக்கட்டாதீங்க, போர்டோட தடமே பிய்ஞ்சுடும்.

காந்தவிசை:
எதுக்கு இந்த வம்பு? ஹால் எஃபெக்ட் (காந்த ஸ்விட்ச்) கீபோர்டு எடுங்க. உலோகம் உலோகத்தைத் தொடுறதே இல்ல, சென்சார் காந்தத்தோட தூரத்தைத்தான் அளக்குது. எந்த ஆழத்துல பதியணும்னு நாமே வைக்கலாம். கேம் ப்ரொஃபைல்ல 0.5 மிமீ, டைப்பிங் ப்ரொஃபைல்ல 2 மிமீ. ஒரே கீபோர்டு, ரெண்டு வேலை.

ஆறாம்விரல்:
ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் பாருங்க. கூடுதலா விழறது *அதே* எழுத்தா, *பக்கத்து* எழுத்தா? ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

அதே எழுத்து ரெட்டையா விழுந்தா அது சேட்டர். ஸ்விட்சுக்குள்ள இருக்கிற செம்புத் தகடு தொடும்போது ஒரே தடவையா ஒட்டாது, சில மில்லிசெகண்ட் துள்ளும். அந்தத் துள்ளலைக் கணக்குல எடுக்காம விடுறதுதான் ஃபர்ம்வேரோட (கீபோர்டுக்குள்ள ஓடுற மென்பொருளோட) டீபவுன்ஸ். கியூஎம்கே-ங்கிற ஃபர்ம்வேர்ல சும்மா விட்டா 5 மில்லிசெகண்ட். தகடு அழுக்காகியோ வளைஞ்சோ துள்ளல் அதைத் தாண்டினா ரெண்டு எழுத்து. இது ஸ்விட்ச் கோளாறு, நிறத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

பக்கத்து எழுத்து விழுந்தா கீபோர்டு சொன்ன வேலையைச் சரியாத்தான் செய்யுது. செர்ரி எம்எக்ஸ் ஸ்பீட் சில்வர் 1.2 மிமீ இறங்கினதுமே பதியும், ரெட்டுக்கு 2.0. அமுக்கற கனம் ரெண்டுக்கும் அதே 45 சென்டிநியூட்டன். கீ மேல விரலைச் சாய்ச்சு வெச்சிருக்கிறவங்களுக்கு 1.2 ரொம்பக் கம்மி. அடுத்த கீக்குத் தாவும்போது விளிம்புல உரசினாலே எழுத்து விழுந்துடும்.

சோதனை இதுதான். காலி நோட்பேட்ல சந்தேகமுள்ள கீயை நிதானமா 50 தடவை தட்டுங்க. கர்சர் எத்தனையாவது இடத்துல நிக்குதுன்னு பாருங்க. 50-க்கு மேல போனா சேட்டர். அமுக்கும்போது மட்டுமில்ல, மெதுவா விடும்போதும் வரும், அதனால பாதி ஆழத்துலயும் அசைச்சுப் பாருங்க.

அவசரன்:
ரெண்டும்தான்!! ஆங்கில ஈ மட்டும் 50-க்கு 57 வருது. மத்ததெல்லாம் பக்கத்து எழுத்து, முக்கியமா இடது சுண்டுவிரல் பக்கம். ஸ்விட்ச் வெளிய வந்துடுச்சு, அப்ப ஹாட்-ஸ்வாப்தானே?

ஆறாம்விரல்:
ஆமா. அப்ப கீபோர்டே மாத்த வேண்டாம். ஈ-ல இருக்கிற ஸ்விட்சை எஃப்12-க்கு மாத்துங்க, எஃப்12-ல இருக்கிறது ஈ-க்கு. கோளாறு ஸ்விட்சோட சேர்ந்து எஃப்12-க்குப் போனா ஸ்விட்ச்தான் குற்றவாளி. ஈ-லயே நின்னா சாக்கெட். மாட்டும்போது ரெண்டு செம்புக் காலும் ஊசி மாதிரி நேரா இருக்கணும். ஒண்ணு மடங்கி ஸ்விட்சோட அடியில படுத்துக்கிட்டா மேலேருந்து பார்த்தா தெரியாது, கீ மட்டும் செத்துப்போகும். கழட்டி இடுக்கியால நிமிர்த்தினா போதும்.

லூப்மன்னன்:
அந்த ஸ்விட்சுக்குக் கொஞ்சம் க்ரீஸ்...

ஆறாம்விரல்:
தகட்டுல க்ரீஸ் பட்டா இருக்கிற கோளாறும் கூடும். ரெயில்ல தடவினா சத்தமும் சொரசொரப்பும் குறையும், அவ்வளவுதான். பிரவுனோட மேட்டுல தடவினா அந்த மேடே காணாம போகும்.

விர்ச்சுவல்வீரன்:
இதுக்குப் போய் ஸ்விட்ச் வாங்குவாங்களா? மென்பொருள்ல டீபவுன்ஸை 15-க்கு ஏத்துங்க, தீர்ந்தது.

காந்தவிசை:
கேம் ஆடறவன்கிட்ட 15 மில்லிசெகண்ட் தாமதம் வைக்கச் சொல்றீங்களா? 8000 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 8000 தடவை கணினிக்குச் சொல்ற) கீபோர்டு வாங்கறவன் எதுக்கு வாங்கறான்?

விர்ச்சுவல்வீரன்:
1000 ஹெர்ட்ஸ்ல ஒரு சுற்று 1 மில்லிசெகண்ட், 8000-ல 0.125. ஒரு மில்லிசெகண்ட்கூட மிச்சமாகல, அதுக்குப் போய் இந்தப் பேச்சா?

மூத்தகட்டை:
இருவரும் பாதி சரி. டீபவுன்ஸில் இரண்டு வகை உண்டு. முதல் தொடுதலிலேயே எழுத்தை அனுப்பிவிட்டு, பிறகு வரும் துள்ளலைப் புறக்கணிப்பது ஒன்று. அதில் அமுக்குவதற்குத் தாமதமே கிடையாது. துள்ளல் அடங்கும்வரை காத்திருந்து அனுப்புவது மற்றொன்று. அதில்தான் 15 என்றால் 15-ம் தாமதம். கியூஎம்கே-யின் இயல்புநிலை இரண்டாவது வகை. எந்த வகை என்று சொல்லாமல் எண்ணை மட்டும் வைத்துச் சண்டையிடுவது வீண்.

காந்தவிசை:
காந்தத்துல இந்தத் தலைவலியே இல்லன்னுதானே நானும் சொல்றேன்.

மூத்தகட்டை:
ரேபிட் ட்ரிகரை (விரல் சற்று மேலே வந்ததுமே கீயை விட்டதாகவும், சற்று இறங்கியதுமே அமுக்கியதாகவும் எடுக்கும் வசதி) 0.1 மிமீ-யில் வைத்துக்கொண்டு கட்டுரை அடித்துப் பாருங்கள். விரல் நடுங்கினாலே ரெட்டை எழுத்து. அதோடு காந்த ஸ்விட்ச் சாதாரண ஹாட்-ஸ்வாப் போர்டில் வேலை செய்யாது. இவர் முழுக் கீபோர்டையும் மாற்ற வேண்டும்.

குட்டிக்கீ:
எஃப்பிஎஸ்னு சொன்னதால ஒண்ணு. ஏ-யும் டி-யும் சேர்த்து அமுக்கினா கடைசியா அமுக்கினதை மட்டும் எடுக்கிற வசதி பல காந்தக் கீபோர்டுல இருக்கு. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-ல 2024 ஆகஸ்டுலயே வால்வ் அதுக்குத் தடை போட்டாச்சு, வெளியே தள்ளிடும். ரேபிட் ட்ரிகர் அந்தத் தடைல வராது.

விர்ச்சுவல்வீரன்:
தடை சரிதான். ஸ்ட்ரேஃப் (இடம் வலம் நகர்றது) பண்றதை விரல்தான் பழகணும், சிப் இல்ல.

காந்தவிசை:
அப்ப மவுஸ் சென்சாரையும் தடை பண்ணச் சொல்லுங்க, பந்து போட்ட மவுஸ்ல ஆடலாம்.

குட்டிக்கீ:
இழை அவசரனோடது ஐயா.

அவசரன்:
மாத்திப் பார்த்தேன். இப்ப எஃப்12 ரெண்டு தடவை விழுது, ஈ சுத்தம். பக்கத்து எழுத்துக்கு என்ன பண்ண?

ஆறாம்விரல்:
டபிள்யூ, ஏ, எஸ், டி-க்கும் ஸ்பேஸுக்கும் சில்வரே இருக்கட்டும். மத்த எழுத்துக் கீயெல்லாம் 2.0 மிமீ-ல பதியற ஸ்விட்சா மாத்துங்க. கனம் போதும்னா ரெட், விரல் சாய்ஞ்சு கிடக்கும்னா 55 சென்டிநியூட்டன் பிரவுன். சுண்டுவிரல்ல ஏ மட்டும் சில்வரா இருக்கும், டைப்பிங்ல அது உறுத்தினா அதையும் மாத்திடுங்க, கேம்ல நஷ்டம் 0.8 மிமீதான். வாங்கும்போது ஸ்விட்சோட அடியில 3 பின்னா 5 பின்னான்னு பாருங்க. உங்க போர்டுல 3-க்குத்தான் ஓட்டைன்னா 5 பின்னோட ரெண்டு ஓரப் பிளாஸ்டிக் காலை நகவெட்டியால வெட்டணும். லோ-ப்ரொஃபைல் (உயரம் குறைஞ்ச) ஸ்விட்ச் இதுல உக்காராது.

லூப்மன்னன்:
பிரவுன்னா மணல் போட்ட ரெட்.

குட்டிக்கீ:
ஆரம்பிச்சாச்சு.

அவசரன்:
பிரவுன் ஸ்விட்ச் 35 ஆர்டர் போட்டாச்சு. நன்றி.

மூத்தகட்டை:
3 பின்னா, 5 பின்னா?

குட்டிக்கீ:
அவசரன்?