பொருள்: மிஷன், மிஷனரி: ஒரே வேரில் நான்கு சொற்கள் வேண்டும்
(பாட மொழிபெயர்ப்பு பற்றி ஐவர் எழுதிக்கொண்டது; ஒவ்வொருவரையும் அவரவர் பெங்களூர்ப் பகுதியின் பெயர் குறிக்கிறது.)

ஃப்ரேசர் டவுன்:
ஐயாமார்களுக்கும் அக்காவுக்கும் வணக்கம். தமிழ் மாலை வகுப்புக்கான இறையியல் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மிஷனரி என்பவர் யார் என்று இந்தியக் கிறிஸ்தவர்கள் மறுபடி எண்ணிப் பார்த்ததே பாடம். 1910 எடின்பரோ, 1938 தாம்பரம், 1952 வில்லிங்கன் ஆகிய உலக மிஷன் மாநாடுகள் மூன்றும் வருகின்றன. மிஷன் என்பதன் வேர்ப்பொருள் அனுப்புதல். மூலத்தில் நான்கு வடிவங்கள்: கடவுளுடைய மிஷன், சபைகள் நடத்தும் மிஷன்கள், மிஷனரி என்ற ஆள், பெயரடை. நான்கும் ஒரே வேரில் கிளைக்காவிட்டால், 'மிஷன் சபையின் சொத்தல்ல, கடவுளுடையது' என்று வில்லிங்கனையொட்டி எழுந்த வாதம் தமிழில் நிற்காது.

போட்டுப் பார்த்தவை: 'கடவுளின் மறைபரப்பு' என்றால் கடவுளே மதம் பரப்புவதாகிறது. 'அருட்பணியாளர்' கத்தோலிக்க மாணவருக்குக் குருவானவர். குருவல்லாத மிஷனரியை எப்படி எழுதுவது? 'ஊழியம்' மினிஸ்ட்ரிக்கு, அதாவது பொதுவான சபைப் பணிக்கு, போய்விட்டது. 'திருப்பணி' கோயில் புதுப்பிப்பு.

சிவாஜிநகர்:
தம்பி, 'தூது' இருக்க ஏன் அலைகிறீர்கள்? 'ஓதல் பகையே தூதிவை பிரிவே' என்கிறது தொல்காப்பியம். வீட்டைப் பிரிந்து போவதற்கான மூன்று காரணங்களில் ஒன்று தூது. குறள் 690, உயிரே போனாலும் குறையாமல் சொல்லிவருவதே தூது என்கிறது. நெஞ்சு விடு தூது, தமிழ் விடு தூது என்று தனி இலக்கிய வகையே உண்டு. 'விடு' என்பதற்குள் அனுப்புதலும் வந்துவிட்டது. இறைத்தூது, தூதுப்பணி, தூதுவர், தூதுசார். முடிந்தது.

அல்சூர்:
முடியவில்லை. 'தூத' ரிக் வேதத்திலேயே உள்ள சொல். தொல்காப்பியத்தில் இடம்பெற்றதாலேயே ஒரு சொல் தமிழாகிவிடாது. மிஷனுக்கு மூலமான லத்தீன் 'மிசியோ' 16-ஆம் நூற்றாண்டு வரை பெரிதும் திரித்துவ இறையியலின் சொல். தந்தை மகனை அனுப்புவதையும், ஆவி அனுப்பப்படுவதையும் குறித்தது. ஆட்களை அனுப்புவதற்கு அதை வழக்காக்கியவர்கள் இயேசு சபைத் துறவியர். நம்மிடம் 'உய்' இருக்கிறது. உய்தல் என்றால் பிழைத்தல், மீட்படைதல். உய்த்தல் என்றால் செலுத்துதல், அனுப்புதல். மீட்பும் அனுப்புதலும் ஒரே வேரில் கிடப்பது எத்தனை மொழிகளுக்கு வாய்க்கும்? இறையுய்ப்பு, உய்ப்பு, உய்ப்பர், உய்ப்பார்ந்த.

ஜாலஹள்ளி:
அல்சூர் ஐயா, வேர் அழகுதான். ஆனால் குறள் 121-ஐப் பாருங்கள்: 'அடக்கம் அமரருள் உய்க்கும் அடங்காமை ஆரிருள் உய்த்து விடும்.' உய்த்தல் இருட்டுக்கும் அனுப்பும். தவிர, உய்ப்பர் என்றால் அனுப்புகிறவர். நமக்கு வேண்டியவர் அனுப்பப்பட்டவர். வகுப்பில் பாதிப் பேர் பள்ளியில் கன்னடம் படித்தவர்கள். அவர்களுடைய தமிழ் வேதாகமத் தமிழ். 'பிதா என்னை அனுப்பினதுபோல நானும் உங்களை அனுப்புகிறேன்' (யோவான் 20:21) அவர்களுக்கு மனப்பாடம். அங்கிருந்து எடுங்கள்: அனுப்புகை.

சிவாஜிநகர் ஐயா, தேவதூதன் ஒருபுறம், திருத்தூதர் (அப்போஸ்தலர்) ஒருபுறம் என்று 'தூது' ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது. மூன்றாவதையும் ஏற்றினால் அப்போஸ்தலரையும் மிஷனரியையும் பிரித்து எழுதவே முடியாது.

சிவாஜிநகர்:
அனுப்புகைக்கு ஆள் யாரம்மா? 'அனுப்புநர்' கடித உறையில் இருக்கிறார், அவரும் அனுப்புகிறவர்தான். 'ஏவல்' என்று யாரும் தொடங்கிவிட வேண்டாம். பில்லி, சூனியத்தோடு ஒட்டிக்கொண்ட சொல் அது.

மல்லேஸ்வரம்:
எல்லோரும் அனுப்புதலையே சுற்றுகிறீர்கள். 1910-இல் எடின்பரோவில் இந்தியரான அசரியா மேல்நாட்டாரிடம் கேட்டது நண்பர்களை. 1938-இல் செஞ்சையா, சக்கரை முதலிய இந்தியக் கிறிஸ்தவச் சிந்தனையாளர்கள், மேல்நாட்டுச் சபை அமைப்பைப் பெயர்த்து இங்கே நட்டதையே கேள்வி கேட்டார்கள். 1971-இல் கென்யச் சபைத் தலைவர் ஜான் காட்டு, மிஷனரிகளையும் பணத்தையும் அனுப்புவதைச் சில காலம் நிறுத்தச் சொன்னார். அனுப்புகிறவர், பெறுகிறவர் என்ற கோட்டை அழிக்கத்தான் இவ்வளவு பாடும். நீங்கள் அந்தக் கோட்டையே கலைச்சொல்லாக்குகிறீர்கள். 'உடனிருப்பு' என்று வையுங்கள்.

ஜாலஹள்ளி:
உடனிருப்பு விளக்கம், மொழிபெயர்ப்பல்ல. எடின்பரோவில் கூடியவர்கள் அனுப்புவதைப் பற்றித்தான் பேசினார்கள். அந்தப் பத்தியில் உடனிருப்பு என்று போட்டால், அசரியா எதை எதிர்த்து எழுந்தார் என்பதே மாணவருக்குப் புரியாது. பழைய கருத்துக்குப் பழைய சொல் இருந்தால்தான் மறுப்பு மறுப்பாக நிற்கும். இரண்டாம் பகுதியின் தலைப்பாக வையுங்கள், பொருந்தும்.

ஃப்ரேசர் டவுன்:
நேரம் இல்லை. ஐந்து பேரில் மூவர் அனுப்புகைக்கு ஒத்துக்கொண்டதால் இப்படிப் போகிறது: இறை அனுப்புகை, பன்மைக்கு அனுப்புகைப் பணிகள், பெயரடைக்கு அனுப்புகைசார். வரலாற்றுப் பத்திகளில் ஆளுக்கு 'மிஷனரி' அப்படியே இருக்கும், இன்றைய பொருளில் 'அனுப்பப்பட்டவர்'. மிஷன் ஆஸ்பத்திரி, மிஷன் காம்பவுண்டு இரண்டையும் தொடவில்லை. 'உடனிருப்பு' இரண்டாம் பகுதித் தலைப்பு.

மல்லேஸ்வரம்:
தலைப்பில் மட்டும் போதாது. என் மறுப்பு அப்படியே இருக்கட்டும்.

அல்சூர்:
'இறை அனுப்புகை' என்று பிரித்து அச்சிடாதீர்கள். ஐகாரத்தின் பின் யகர உடம்படுமெய் வரும்: இறையனுப்புகை. சொல்லடைவில் 'உய்ப்பு' ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

ஜாலஹள்ளி:
சேர்த்து எழுதினால் முதல் வாசிப்பில் தடுக்கும் ஐயா. இந்தப் பதிப்பில் பிரித்தே இருக்கட்டும். உய்ப்பைச் சொல்லடைவில் சேர்க்கிறேன், குறள் எண்ணோடு.