நாய் கடிச்ச ஆர்சி பிளேன், ஒட்டலாமா புதுசு வாங்கலாமா?

கேள்வி: ஃபிரண்டோட ஆர்சி பிளேன (ரிமோட்ல பறக்குற பொம்மை விமானம்) எங்க வீட்டு நாய் கடிச்சு வச்சிருச்சுங்க, ஈபிஓ ஃபோம் மாடல், ஒரு றெக்கை ரெண்டா போச்சு, வால் பூரா பல்லு தடம், ஆனா மோட்டார் ஓடுது. புதுசே வாங்கி குடுத்துடவா?

பதில் 1: முழு பிளேன் எதுக்கு, மாடல் பேர போட்டு றெக்கை மட்டும் ஸ்பேரா கிடைக்குதான்னு தேடுங்க, நிறைய மாடலுக்கு தனியா விப்பாங்க. பல்லு தடத்து மேல கொதிக்கிற தண்ணிய கொஞ்சங்கொஞ்சமா ஊத்துனா ஃபோம் உப்பி ஓரளவு சரியாயிடும், சர்வோ (றெக்கை, வால் மடல அசைக்கிற குட்டி மோட்டார்) மேல மட்டும் பட்டுடக்கூடாது.

பதில் 2: அதெல்லாம் இருக்கட்டும், பேட்டரிய பாத்தீங்களா? லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரில பல்லு இறங்கியிருந்தா சார்ஜ் போடவே போடாதீங்க, தீப்பிடிச்சுக்கும். நாய் ஃபோம் துண்டு எதாச்சும் முழுங்கியிருந்தா டாக்டர்கிட்ட காட்டிருங்க (பிளேன் எங்கயும் ஓடிடாது).

பதில் 3: வால்ல பசை கூடுனா பின்பாரம் ஆயிடும், அப்புறம் கன்ட்ரோலே இருக்காது. மேனுவல்ல சொல்ற சிஜி பாயின்ட்ல (பிளேன் எடை சமமா நிக்க வேண்டிய இடம்) ரெண்டு பக்க றெக்கைக்கு அடியிலயும் விரல் வச்சு தூக்குங்க, வால் தொங்குச்சுன்னா மூக்குல கொஞ்சம் வெயிட் வைங்க.

கேள்வி கேட்டவர்: பேட்டரி தனியா டப்பால இருந்துச்சு, தப்பிச்சோம். றெக்கை ஸ்பேர் இருக்கு, ஃபிரண்டுகிட்ட கேட்டுட்டு ஆர்டர் போடறேன்.