கோவைக்கு இரண்டாவது ரயில் முனையம்: போத்தனூர் வேண்டுமா, ஜங்ஷனே போதுமா?

வடகோவைக்காரன்:
கோவையிலிருந்து புது ரயில் கேட்கும்போதெல்லாம் ‘கோவை ஜங்ஷனில் இடமில்லை, ஊருக்குத் தெற்கே இருக்கும் போத்தனூரை முனையமாக்கலாம்’ என்ற பேச்சு வருகிறது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. ஸ்டேட் பேங்க் ரோடு வாசலில் இறங்கினால் பெரிய ஆஸ்பத்திரி பக்கம். காந்திபுரத்துக்கும் உக்கடத்துக்கும் டவுன் பஸ் இருக்கிறது. அதே ஆளை ராத்திரி பதினோரு மணிக்குப் போத்தனூரில் மூட்டை முடிச்சோடு இறக்கிவிட்டால், வீடு போய்ச்சேர ஆட்டோவுக்கு எவ்வளவு அழ வேண்டும்? ஊருக்கு நடுவில் இருப்பதுதான் ஜங்ஷனின் பலம். அதை விட்டுக்கொடுக்கக் கூடாதுங்க.

போத்தனூர்வாசி:
போத்தனூரை ஏதோ வெளியூர் மாதிரிப் பேசுகிறீர்கள். கோவைப் பக்கம் ரயில் முதலில் வந்ததே எங்கள் ஊருக்குத்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையில் இருக்கும் பேப்பூரைச் சென்னையோடு இணைக்க மெட்ராஸ் ரயில்வே போட்ட பாதை 1862-ல் போத்தனூரைத் தொட்டது. கோவை நகரம் அந்தப் பாதையில் இல்லை. 1873-ல் மேட்டுப்பாளையத்துக்குக் கிளை போட்டபோதுதான் ஊருக்குள் ரயில் வந்தது. அதாவது இன்றைய ஜங்ஷன் ஒரு கிளைப்பாதை நிலையமாகத் தொடங்கியது.

பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அன்று எடுத்த முடிவின் நெருக்கடியில்தான் இன்றும் மாட்டியிருக்கிறோம். ஜங்ஷனில் ஆறு நடைமேடை. இந்தப் பக்கம் ஸ்டேட் பேங்க் ரோடு, அந்தப் பக்கம் கூட்ஸ் ஷெட் ரோடு. ஏழாவது நடைமேடையை எங்கே போடுவீர்கள்? 2018-ல் பெங்களூருவுக்கு உதய் எக்ஸ்பிரஸ், 2023-ல் சென்னைக்கு வந்தே பாரத், அதே வருடக் கடைசியில் பெங்களூருவுக்கு இன்னொரு வந்தே பாரத் என்று வண்டிகள் கூடிக்கொண்டே போகின்றன. நடைமேடை மட்டும் அதே ஆறுதான்.

வடகோவைக்காரன்:
நீங்கள் சொன்ன பழைய நேர்பாதைதான் எனக்குப் பயமே. கேரளா போகும் எத்தனையோ ரயில்கள் கோவைக்குக் கிழக்கே உள்ள இருகூரிலிருந்து நேராகப் போத்தனூர் போய், கோவைக்குள் எட்டிப் பார்க்காமலே ஓடின. அவற்றை ஊருக்குள் கொண்டுவரச் சொல்லி எத்தனை வருடம் கத்தியிருக்கிறோம்! போத்தனூர் முனையமானால் ‘அதான் போத்தனூரில் நிற்கிறதே’ என்று சொல்லி வந்த ரயிலையும் திருப்பிவிடுவார்கள். அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது?

பொள்ளாச்சிக்காரி:
அண்ணன்கள் இரண்டு பேரும் சென்னைப் பக்கமே பார்க்கிறீர்கள். மீட்டர் கேஜ் என்ற குறுகிய பாதை இருந்த காலத்தில் பொள்ளாச்சி, பழனி, மதுரை வழியாகக் கோவையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ராத்திரி வண்டி இருந்தது. அகலப்பாதைக்காகப் பாதையை மூடினார்கள். 2017-ல் பொள்ளாச்சி - போத்தனூர் தண்டவாளம் புதிதாகத் திரும்பியது, அந்த ராத்திரி வண்டி திரும்பவில்லை. ஜங்ஷன் 2007-ல் சேலம் ரயில்வே கோட்டத்துக்குப் போய்விட்டது, பொள்ளாச்சி இன்னும் பாலக்காடு கோட்டம். எங்களுக்காகப் பேச இரண்டு பக்கமும் ஆளில்லை. தென்மாவட்ட ரயில் கிடைக்கும் என்றால் போத்தனூரிலிருந்தே கிளம்பட்டும், எனக்குச் சம்மதம்.

ஓய்வுபெற்ற ரயில் கார்டு:
நடைமேடை எத்தனை என்பதைவிட, ஒரு வண்டி எவ்வளவு நேரம் அதை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்பதுதான் கணக்கு. வழியில் நின்று போகும் வண்டி சில நிமிடத்தில் காலி செய்துவிடும். நீலகிரி எக்ஸ்பிரஸைப் பாருங்கள். சென்னையிலிருந்து வடகோவை நிலையத்தைத் தாண்டி ஜங்ஷனுக்கு வந்து, எஞ்சினை மறுமுனையில் மாட்டி, மறுபடி வடகோவை வழியாகத்தான் மேட்டுப்பாளையம் போக முடியும். இங்கேயே முடிந்து இங்கேயே கிளம்பும் வண்டி இதைவிட மோசம். கழுவ வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், பெட்டியின் அடிப்பாகத்தைப் பார்க்கக் குழி வெட்டிய தண்டவாளமான பிட் லைனில் சோதிக்க வேண்டும்.

அதனால் ஆட்களை ஜங்ஷனில் இறக்கிவிட்டுக் காலிப் பெட்டிகளைப் போத்தனூருக்கு அனுப்பலாம். பராமரிப்பு அங்கே, பயணிகள் இங்கே. இரண்டு பேர் கோரிக்கையும் தீரும்.

போத்தனூர்வாசி:
ஐயா, காலிப் பெட்டியை ஜங்ஷனுக்கும் போத்தனூருக்கும் நடுவே போக ஒரு தரம், வர ஒரு தரம் ஓட்டப்போகிறோம். அந்தப் பெட்டியில் ஆளை ஏற்றினால் என்ன குறைந்துவிடும்? சென்னை வண்டி போத்தனூரில் கிளம்பி, ஜங்ஷனில் நின்று, வடகோவை, பீளமேடு, இருகூர் என்று போகட்டும். சுந்தராபுரம், குறிச்சி, மதுக்கரை ஆட்கள் எங்களிடம் ஏறுவார்கள், மற்றவர்கள் ஜங்ஷனில் ஏறுவார்கள். எஞ்சின் மாற்றும் வேலையும் இல்லை.

வடகோவைக்காரன்:
சென்னை, பெங்களூரு வண்டிக்கு அது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தெற்கே போகிற வண்டி போத்தனூரில் கிளம்பினால் ஜங்ஷனைத் தொடாது. பொள்ளாச்சித் தங்கச்சி கேட்கிற ராமேஸ்வரம் வண்டியைப் பிடிக்கக் கணபதியிலிருந்தும் கவுண்டம்பாளையத்திலிருந்தும் ஜனம் போத்தனூர் வரை போக வேண்டுமா? அதை வடகோவையில் கிளப்புங்கள். 2022 ஜூனில் ஷீரடிக்கு பாரத் கவுரவ் சுற்றுலா ரயில் அங்கிருந்துதானே கிளம்பியது?

பொள்ளாச்சிக்காரி:
வடகோவை, ஜங்ஷன், போத்தனூர், கிணத்துக்கடவு, பொள்ளாச்சி. இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது ஜங்ஷனிலேயே ஏறலாம்.

போத்தனூர்வாசி:
தெற்கு வண்டிக்கு வடகோவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பிட் லைன் போத்தனூரில்தான் வர வேண்டும், அதில் மட்டும் இறங்கி வரமாட்டேன். கூடவே மேட்டுப்பாளையம் மெமு, அதாவது குறுந்தூர மின்சார ரயில், ஒவ்வொரு நடையும் போத்தனூர் வரை வந்து திரும்பட்டும். உங்கள் ஆட்டோச் செலவுக் கவலைக்கும் அதுதான் பதில்.

வடகோவைக்காரன்:
முதலில் மெமு ஓடட்டும். அது ஒழுங்காக ஓடி நான் பார்த்த பிறகுதான் முனையத்துக்குக் கையெழுத்துப் போடுவேன்.