ஸ்கீ ஓடும் மகளைப் பின்தொடர்ந்து படமெடுக்க எந்த லென்ஸ்?

பேர்ன்_அப்பா

எல்லோருக்கும் வணக்கம். இங்கே யாராவது பனியில் படமெடுத்திருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூட ஸ்கீ (பனிச்சறுக்கு) முகாமுக்குப் போய்வந்த நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பில்லை. இப்போது ஊர்க் கழகத்தில் பிள்ளைகள் அணியில் ஓடுகிறாள். அவளோடு மலைக்குப் போகவேண்டும் என்பதற்காகவே நானும் 36 வயதில் ஸ்கீ பழகினேன். நீலப் பிஸ்டேயில் (எளிதான சறுக்குப் பாதையில்) எனக்குப் பயமில்லை. நடுத்தரமான சிவப்பில் நிதானமாக இறங்குவேன். கடினமான கறுப்புப் பக்கம் போவதில்லை.

என்னிடம் இருப்பது சோனி ஏ7 ஃபோர், டாம்ரான் 28-75 எஃப் 2.8 லென்ஸ், 2 கிலோ வரை தாங்கும் ஒரு சிறிய ஜிம்பல் (ஆட்டத்தைக் குறைக்கும் மோட்டர் கைப்பிடி). 4கே, செக்கனுக்கு 50 பிரேம். போன ஞாயிறு இங்கே சுவிஸில், கிரின்டெல்வால்டில் அவளுக்குப் பின்னால் ஓடி ஏழெட்டுத் தடவை எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதியில் தலை இல்லை, மீதியில் ஸ்கீ இல்லை. சரி என்று தள்ளி நின்று எடுத்த இடங்களில் படம் ஆடுகிறது, நடுவில் வேறு ஆட்கள் வந்து விழுகிறார்கள். எனக்குக் கால் நடுங்கிய சரிவு, படத்தில் தார் ரோட்டைப் போலத் தட்டையாக இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அம்மாவுக்குத்தான் இதையெல்லாம் எடுக்கிறேன். பேத்தி பனியில் ஓடுவதை அவர் நேரில் பார்த்ததில்லை. போனில் அனுப்பினால் “பிள்ளை எங்கே?” என்று கேட்கிறார். அவர் பிள்ளையைப் பார்க்க வேண்டும், மலையையும் பார்க்க வேண்டும். ஒரு லென்ஸ் வாங்கலாம் என்று காசு சேர்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்குவது?

சூரிச்_ஸ்டூடியோ

அண்ணா, உங்களுடைய 28-75 நல்ல லென்ஸ். கல்யாண வீடுகளில் நான் வைத்திருப்பதும் அதுதான். இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போய், 50 மி.மீ.இல் வைத்து, எஃப் 2.8இல், அதாவது லென்ஸின் துளையை அகலத் திறந்து, எடுத்துப் பாருங்கள். பின்னணி மங்கலாகி மகள் தனியாகத் தெரிவாள். புது லென்ஸ் தேவையில்லை என்பது என் எண்ணம்.

கூர்_மலைக்காரன்

சூரிச் தம்பி சொல்வது மண்டபத்துக்குச் சரி. சரிவில் அது நடக்காது. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன், இது நான் எட்டுக் குளிர்காலமாக லென்சர்ஹைடேயிலும் அரோசாவிலும் ஒரு ஸ்கீ பள்ளிக்காகச் செய்துவரும் வேலை.

பேர்ன் அண்ணை, முதலில் உங்கள் தலை வெட்டுப்பட்ட கதை. ஏ7 ஃபோரில் 4கே 25 பிரேமில் எடுத்தால் படம் பதியும் சென்சரின் முழு அகலமும் வேலை செய்யும். 50 பிரேமுக்குப் போனால் நடுப்பகுதி மட்டும்தான், அதாவது ஒன்றரை மடங்கு குறுகல். அது அந்தக் கமராவின் அமைப்பு, பிழையில்லை. ஆனால் நீங்கள் 28 என்று நினைத்துப் பிடித்த லென்ஸ் அங்கே 42 மி.மீ. போல நடந்துகொண்டிருக்கிறது. மி.மீ. கூடக் கூடப் பார்வை குறுகும். மகளுக்கு 3 மீற்றர் பின்னால் ஓடினீர்கள் என்றால் படச் சட்டத்துக்குள் அடங்குகிற உயரம் கிட்டத்தட்ட 1.45 மீற்றர். ஹெல்மெட்டும் சப்பாத்தும் போட்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதற்குள் எப்படி அடங்கும்? நீங்கள் தள்ளிப் போனதும் அதனால்தான். தள்ளிப் போனால் இடைவெளி, இடைவெளி இருந்தால் அதற்குள் ஆட்கள்.

கணக்கு சுலபம். தூரத்தைச் சென்சரின் உயரத்தால் பெருக்கி, லென்ஸின் மி.மீ.ஆல் வகுத்தால் சட்டத்தின் உயரம் வரும். 16:9 படத்தில், முழுச் சென்சருக்கு உயரம் சுமார் 20 மி.மீ., உங்களுடைய 50 பிரேமுக்குச் சுமார் 13.5 மி.மீ. ஆகவே லென்ஸைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: எத்தனை மீற்றர் பின்னால் நீங்கள் பதறாமல் ஓடுவீர்கள்? உங்களுடைய ஓட்டத்துக்கும் பிள்ளையின் வேகத்துக்கும் நீலப் பிஸ்டேயில் 3 மீற்றர், கொஞ்சம் பக்கவாட்டில், என்று வைத்துக்கொள்கிறேன். பிள்ளை சட்டத்தின் உயரத்தில் அரைவாசிக்கு மேல், முக்கால்வாசிக்குள் நிற்க வேண்டும். அவ்வளவு பெரிதாக இருந்தால் போன் திரையில் அம்மாவுக்குத் தெரியும். மிச்ச இடம் பனித்தூளுக்கும் மலைக்கும்.

50 பிரேமுக்கு அந்தக் கணக்கில் வருவது 16, 17 மி.மீ. 17இல் 3 மீற்றருக்கு 2.4 மீற்றர் உயரம் கிடைக்கும். நான் சொல்வது டாம்ரான் 17-28 எஃப் 2.8. எடை 420 கிராம், உங்களுடைய 28-75 இன் எடை 540. ஸூம் திருகினாலும் இந்த லென்ஸ் வெளியே நீளாது, அதனால் ஜிம்பலில் ஒருமுறை சமநிலை பார்த்தால் போதும். 28-75 நீளும். கையுறையோடு, பனியில் குந்தியிருந்து மறுபடி சமநிலை பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். இன்னொன்று, இரண்டு லென்ஸுக்கும் 67 மி.மீ. ஃபில்டர்தான். இருப்பதையே மாற்றிப் போடலாம்.

இன்னும் இலேசாக வேண்டுமென்றால் சோனியின் 16-35 எஃப் 4 பவர் ஸூம், 353 கிராம், அதுவும் நீளாது. 25 பிரேமே போதும் என்றால் சோனி 20 மி.மீ. எஃப் 1.8, 373 கிராம். ஒற்றைக் குவியத்தூர லென்ஸ்தான் எனக்குத் தனிப்பட்ட பிரியம், எதையும் திருக வேண்டியதில்லை. ஆனால் கழகப் பயிற்சியாளரும் உங்கள் வீடியோவைக் கேட்பார், அவருக்கு 50 பிரேம் உதவும். ஆகவே உங்களுக்கு 17-28.

படம் ஆடுவது பற்றி. ஜிம்பல் திருப்பத்தைத்தான் சரிசெய்யும்: மேல்கீழ்ச் சாய்வு, இடவலத் திரும்பல், உருளல். முழுக் கமராவும் ஏறி இறங்குவதை அது தடுக்காது, அது உங்கள் முழங்காலின் வேலை. ஜிம்பலுக்குத் தப்பிவரும் சின்னத் திருப்ப நடுக்கமும் நீளமான லென்ஸில் பெரிதாகத் தெரியும். 50 மி.மீ. பார்ப்பது 40 பாகை அகலம், 20 மி.மீ. பார்ப்பது 84 பாகை. ஒரே நடுக்கம் முதலாவதில் இரண்டு மடங்குக்கு மேல் தெரியும். முதல் இரண்டு குளிர்காலமும் நான் 35இல் எடுத்து, பிறகு கணினியில் ஆட்டத்தைக் குறைக்க இரவிரவாக உட்கார்ந்திருக்கிறேன். 20க்கு மாறிய வாரமே அந்த வேலை பெரும்பாலும் நின்றுவிட்டது. அப்புறம், கமராவுக்குள் இருக்கும் ‘ஆக்டிவ்’ நிலைப்படுத்தலை நிறுத்திவிடுங்கள். அது சட்டத்தை இன்னும் வெட்டும். அகல லென்ஸில் சென்சர் நிலைப்படுத்தலும் ஓரங்களைத் தளும்ப வைக்கும், ஜிம்பல் இருக்கும்போது அதையும் நிறுத்தலாம்.

போக்கஸ். பின்னாலிருந்து எடுக்கும்போது முகம் இல்லை, கண் இல்லை, கிளம்பும் பனித்தூளை ஆட்டோ போக்கஸ் பிடித்துக்கொள்ளும். எஃப் 8இல் வைத்து, மகளை 3 மீற்றரில் நிறுத்தி ஒருமுறை பிடித்து, மனுவலுக்கு மாற்றிவிடுங்கள். 17 மி.மீ.இல் ஒன்றேகால் மீற்றரிலிருந்து தூர மலைவரை தெளிவாக இருக்கும். எஃப் 2.8 தரும் மங்கல் இங்கே வேண்டாத பொருள், மலைதானே அம்மாவுக்கு வேண்டும்!

வெளிச்சம். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 என்றால் வெயில் பட்ட பனி எஃப் 22 கேட்கும். எஃப் 8க்கு வர ஒளியை மூன்று படி (ஒரு படிக்குப் பாதி) குறைக்கவேண்டும், அதற்கு என்டி 8 என்ற கறுப்பு ஃபில்டர். பிறகு நிறம் திருத்துவதற்கான எஸ்-லாக் 3 முறையில் ஐஎஸ்ஓ 800 என்றால் என்டி 64. திருகிக் கூட்டிக் குறைக்கும் என்டி வேண்டாம். அதற்குள் இரண்டு போலரைசர் இருக்கிறது, அகல லென்ஸில் வானத்தில் கறுப்புத் திட்டு விழும், நீங்கள் வளைந்து திரும்பத் திரும்பப் பனியின் மினுக்கமும் மாறும். பயிற்சியாளருக்கு என்று எடுக்கும் ஓட்டத்தில் மட்டும் ஃபில்டரைக் கழற்றி ஷட்டரை 1/500க்கு மேல் ஏற்றுங்கள். அவர் படத்தை நிறுத்தி நிறுத்தி ஸ்கீயின் விளிம்பைப் பார்ப்பார்.

லென்ஸ் ஹூட்டையும் (முன்னால் மாட்டும் வெயில் மறைப்பை) கழற்றிவிடுங்கள். வேகத்தில் காற்றைப் பிடித்து ஜிம்பல் மோட்டரை உதறவைக்கும்.

கடைசியாகச் சரிவு. எந்த லென்ஸும் பின்னாலிருந்து சரிவைத் தட்டையாகத்தான் காட்டும். ஜிம்பலைத் தலைகீழாக, பெட்டி தூக்குவதுபோல, கமரா முழங்கால் உயரத்தில் இருக்கப் பிடியுங்கள். சட்டத்தின் மேல் ஓரத்தில் அடிவானமோ எதிர்மலையோ எப்போதும் இருக்கட்டும். மகள் வளையும்போது ஒரு கணம் பக்கத்துக்கு வாருங்கள். நேராக நிற்கும் மரமோ லிஃப்ட் தூணோ பின்னால் வந்தால், பனி எவ்வளவு சரிந்திருக்கிறது என்று பார்ப்பவருக்கே தெரிந்துவிடும்.

பனிச்சுவடு

லென்க்கில் வார இறுதியில் பிள்ளைகளுக்கு ஸ்கீ சொல்லிக்கொடுக்கிறேன். லென்ஸ் எனக்கு அதிகம் தெரியாது, ஆனால் அகல லென்ஸுக்கு என் பக்கத்திலிருந்தும் ஒரு காரணம் உண்டு. அதை வைத்திருப்பவர் திரையைப் பார்க்க வேண்டியதில்லை. கையை ஏறக்குறையத் திருப்பிப் பிடித்தாலே பிள்ளை சட்டத்துக்குள் இருப்பாள், கண் பிஸ்டேயில் இருக்கும். 50 மி.மீ.காரர் திரையைப் பார்த்தே ஓடுவார். அவரைக் கண்டால் நான் என் பிள்ளைகளை ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

பன்னாட்டு ஸ்கீ சம்மேளனத்தின் பத்து நடத்தை விதிகளில் மூன்றாவது, பின்னால் வருபவர் முன்னால் இருப்பவருக்கு ஆபத்து வராத வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. நீங்கள் அப்பாவாக இருந்தாலும் பின்னால் வருபவர் நீங்கள்தான். நேர் பின்னால் ஓடாதீர்கள், நான் பக்கவாட்டில் இரண்டு மீற்றர் விலகச் சொல்வேன். எங்கே தொடங்கி எங்கே நிற்பது என்று மகளோடு முதலே கதைத்து முடிவு செய்யுங்கள். இடையில் அவள் திடீரென்று நிற்கக்கூடாது. காலையில் ஆட்கள் வருமுன் முதல் லிஃப்ட்டில் ஏறுங்கள். கைத்தடிகளைக் கீழே விட்டுவிட்டு, வெறுங்கையோடு அந்தப் பிஸ்டேயை இரண்டு தடவை ஓடிப் பார்த்த பிறகுதான் கமராவை எடுக்க வேண்டும். கழகத்தின் மற்றப் பிள்ளைகள் படத்தில் வருவதானால் அவர்களுடைய பெற்றோரிடமும் கேளுங்கள்.

பேர்ன்_அப்பா

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த ஒன்றரை மடங்கு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. பழைய காட்சிகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது.

ஒரு கேள்வி. முகம் தெரிய, முன்னால் நின்று பின்னோக்கி ஓடி எடுக்கலாமா?

கூர்_மலைக்காரன்

வேண்டாம் அண்ணை. 1969இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கு ஷில்ட்ஹோர்ன் பக்கத்தில் வில்லி பொக்னர் அப்படித்தான் கமராவைப் பிடித்துப் பின்னோக்கி ஓடி எடுத்தார். அவர் ஒலிம்பிக்கில் ஓடிய வீரர். நாம் முகத்துக்கு வேறு வழி பார்ப்போம். கீழே 20 மீற்றர் முன்னதாகப் பிஸ்டேயின் ஓரத்தில் நின்றுகொண்டு, உங்களுடைய 28-75ஐ 75இல் வைத்து, அவள் உங்களை நோக்கி வருவதை எடுங்கள். அந்த லென்ஸுக்கு அங்கே நல்ல வேலை இருக்கிறது. நின்றபடி எடுப்பதால் ஆட்டமும் இல்லை. அந்த இடத்தில் சூரிச் தம்பி சொன்ன எஃப் 2.8 அழகாக வரும், என்டியை மட்டும் மூன்று படி கூட்டி 64 ஆக்குங்கள்.

பேர்ன்_அப்பா

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். 17-28 பாவித்தது ஒன்று கிடைத்தது. நேற்று அடல்போடன் போனோம், காலை முதல் லிஃப்ட். சொன்னபடி கமரா இல்லாமல் இரண்டு தடவை, பிறகு கமராவோடு ஐந்து தடவை. 17 மி.மீ., எஃப் 8, என்டி 8, மூன்று மீற்றர். முதல் ஓட்டத்தில் நான் பயத்தில் ஐந்து மீற்றர் பின்தங்கிவிட்டேன், பிள்ளை சிறிதாகிவிட்டாள். மூன்றாவதில் அவளுடைய தடத்துக்குப் பக்கத்திலேயே வளைந்து போக முடிந்தது. திரையை ஒருமுறையும் பார்க்கவில்லை. படத்தில் அவளுடைய பின்னல் ஹெல்மெட்டுக்குக் கீழே ஆடுவது தெரிகிறது, ஸ்கீ கிளப்பும் பனித்தூள் தெரிகிறது, மேலே லோனர் மலை முழுதாக நிற்கிறது.

இரவு அம்மாவுக்கு அனுப்பினேன். நாலு தடவை பார்த்தாராம். “மெதுவாகப் போகச் சொல்லு பிள்ளையை” என்று குரல் செய்தி வந்தது.

ஒன்றுதான் பிசகியது. மதியம் சாப்பிடக் குடிலுக்குள் போனதும் லென்ஸ் முழுக்க நீர் படிந்து, என்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவிலும் புகைபோல நின்றது. துடைத்துப் பார்த்தேன், இன்னும் மோசமானது. பின்னேர ஓட்டம் எதுவும் எடுக்க முடியவில்லை.

கூர்_மலைக்காரன்

மெத்தச் சந்தோசம் அண்ணை. மூன்றாவது ஓட்டத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

நீருக்கு: குடிலுக்குள் நுழையும் முன், வெளியிலேயே, கமராவை லென்ஸோடு ஒரு ஸிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். ஈரம் பையின் வெளிப்பக்கத்தில் படியும். மதியச் சாப்பாட்டுக்கு என்றால் பையைத் திறக்கவே வேண்டாம், ஜிம்பலோடு கதவோரக் குளிரில் கண்ணுக்கு எட்டும் இடத்தில் வைத்தாலும் சரி. பற்றரியை மட்டும் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு, பை அறையின் சூட்டுக்கு வரும்வரை இரண்டு மணி நேரம் திறக்காதீர்கள். கார்டை மலையிலேயே எடுத்துவிட்டால் அதுவரை காத்திருக்காமல் அம்மாவுக்கு அனுப்பலாம்.