கோள்வடிவ நெபுலா எடுத்துப் பல்பு வாங்கியவர்கள் வரிசையில் வாருங்கள்

தொலைநோக்கியில் வானத்தைப் படம் எடுக்கிற நாம் ஆளுக்கொரு கதை சொல்வோம், நானே ஆரம்பித்து வைக்கிறேன். என் கதை அவமானக் கதை என்பதால் மற்றவர்களுக்குக் கூச்சம் விட்டுப்போகும்.

ஓரியன் நெபுலா, ஆண்ட்ரோமெடா என்று பெரிய பெரிய இலக்குகளாக எடுத்துப் பழகிய கை. 80 மி.மீ. ரிஃப்ராக்டர் (லென்ஸ் வைத்த தொலைநோக்கி), 500 மி.மீ. குவியத் தூரம், பின்னால் ஒரு கலர் கேமரா. அதே சாமானை யாழ் மண்டலத்துப் பக்கம் திருப்பி, கோள்வடிவ நெபுலாக்களில் ஒன்றான வளைய நெபுலாவை, மெசியர் பட்டியலில் 57-ஆம் எண்ணான எம் 57-ஐக் குறிவைத்தேன். வேகாவுக்குப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரங்கள், அவற்றுக்கு நடுவே அது. தேடும் வேலையே இல்லை. மூன்று நிமிட எக்ஸ்போஷரில் நாற்பது ஃபிரேம். ஸ்டாக் செய்து (எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கிச் சேர்த்து) திறந்தால் திரை முழுக்க நட்சத்திரம், நடுவில் சட்டைப் பொத்தானுக்கும் சிறியதாக ஒரு நீலச் சொட்டு. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகப் பிக்சல்.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். (முதலிலேயே கணக்குப் போடுகிறவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள்.) என் கேமராவின் பிக்சல் 3.76 மைக்ரான். 500 மி.மீ.க்கு ஒரு பிக்சல் 1.55 ஆர்க் நொடி (ஒரு டிகிரியை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு ஆர்க் நொடி). வளையத்தின் நீளம் சுமார் 86 ஆர்க் நொடி. ஆக மொத்தம் 55 பிக்சல். அந்த 55-க்குள் ஓட்டையும் தெரிய வேண்டும், ஓரத்துச் சிவப்பும் தெரிய வேண்டும் என்றால் நடக்கிற காரியமா?

ஆறுதலுக்கு அதே குழாயில் இன்னொரு கோள்வடிவ நெபுலாவான எம் 27-ஐ எடுத்தேன். அது 8 ஆர்க் நிமிடம் (480 ஆர்க் நொடி) இருக்கிறது, 300 பிக்சலுக்கு மேல் கிடைத்தது. டம்பெல் வடிவம், பச்சை நீலம், விளிம்புச் சிவப்பு எல்லாம் ஒரே இரவில் வந்தன. கோள்வடிவ நெபுலாக்களில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதும் அதுதான், 1764-இல் மெசியர் கண்டது. முதலில் அவர் கண்ணில் ஏன் பட்டது என்று இப்போது புரிகிறது.

57-ஐ மட்டும் விட மனசில்லை. என்ன செய்யலாம்?

*

தம்பி, பதில் பேரிலேயே இருக்கிறது. 1781-இல் யுரேனஸைக் கண்டுபிடித்த ஹெர்ஷெல், அடுத்த சில வருடங்களில் இந்த வகை நெபுலாக்களைப் பார்த்துவிட்டு, கோளின் வட்டு மாதிரி இருக்கிறதே என்று இந்தப் பேரை வைத்தார். கோளுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சாகப்போகிற நட்சத்திரம் உதறிவிட்ட மேல்தோல் அது. நடுவில் எஞ்சிய சூடான கரு புறஊதா ஒளியைக் கக்க, வாயு ஒளிர்கிறது. தப்பான பேர்தான். ஆனால் படம் எடுக்கிறவனுக்குப் பொருத்தமான பேர்: கோளை எடுக்கிற மாதிரி எடு.

நான் வருடக்கணக்காக வியாழனையும் சனியையும் எடுத்தவன். எட்டு அங்குல ஷ்மிட்-காசெக்ரைன் தொலைநோக்கி, 2000 மி.மீ. சொச்சம் குவியத் தூரம். எம் 57-க்கு மூன்று நிமிடமெல்லாம் நான் கொடுக்கவில்லை. 2 நொடி, அவ்வளவுதான். கெயினை (கேமரா சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்றி வைத்து 4000 ஃபிரேம் சுட்டேன். காற்று நிலையாக இருந்த கணங்களில் விழுந்தவற்றை மென்பொருள் பொறுக்கிக் கொடுத்தது, சுமார் 1600 தேறின. மீதியைக் குப்பையில் போட்டேன். மனசு வலிக்கும்தான், ஆனால் போட வேண்டும். நீண்ட எக்ஸ்போஷரில் காற்றின் நடுக்கம் மொத்தமும் ஒரே ஃபிரேமில் மொழுகிவிடும், எதைப் பிரித்து எடுப்பது?

இதற்குக் கைடிங்கூட (ஒரு நட்சத்திரத்தைக் கண்காணித்துத் தொலைநோக்கியின் ஓட்டத்தைத் திருத்துவது) தேவைப்படவில்லை. 2 நொடியில் மவுண்ட் (குழாயைத் தாங்கி வானத்தோடு திருப்பும் கருவி) என்ன பெரிதாகத் தடுமாறிவிடும்! நடு நட்சத்திரம் ஒளியளவில் (magnitude) 15-க்கும் மங்கலானது, அதுகூட ஊசிமுனையாக விழுந்தது. நான் கெடுத்துக்கொண்டது ஃபோகஸைத்தான். நள்ளிரவுக்கு மேல் குளிர் ஏற ஏற குழாய் சுருங்கி ஃபோகஸ் நகர்ந்திருக்கிறது, நான் கவனிக்காமல் ஒரு மணி நேரம் சுட்டுக்கொண்டே இருந்தேன். பொறுக்கும்போது பார்த்தால் நல்லவை எல்லாம் முதல் பாதியில். அன்றிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை பாடினோவ் மாஸ்க்கை (ஃபோகஸ் சரிபார்க்கக் குழாய் முகப்பில் மாட்டும் மூடி) போட்டுப் பார்த்துவிடுவேன்.

ஒரு எச்சரிக்கை. இந்த வித்தை சிறியதும் பிரகாசமானதுமான ஆட்களிடம் மட்டும் பலிக்கும். ஹெலிக்ஸ் நெபுலாவிடம் 2 நொடியோடு போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அது அகலம், ஒளி முழுக்கப் பரவிக் கிடக்கிறது.

*

சார் சொன்ன முறையில்தான் நான் பூனைக்கண் நெபுலா, என்ஜிசி 6543-ஐ எடுத்தேன். நடுக்கரு (நட்சத்திரத்தைச் சொல்லவில்லை, நெபுலாவின் உள்பகுதி) 20 ஆர்க் நொடி இருந்தால் அதிகம், ஆனால் அத்தனை பிரகாசம். சுருள் சுருளாக உள்ளே இருக்கும் ஓடுகள் கொஞ்சம் தெரிந்தன. சந்தோஷம் தாங்கவில்லை.

ஆசை யாரை விட்டது? கருவைச் சுற்றி 5 ஆர்க் நிமிடத்துக்கு மேல் ஒரு ஒளிவட்டம் இருக்கிறது என்று படித்தேன். அது கருவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மங்கல். ஓ-த்ரீ ஃபில்டரை (ஆக்சிஜனின் பச்சை ஒளியை மட்டும் விடுவது) போட்டு ஐந்து நிமிட ஃபிரேம்களாக மூன்று இரவு எடுத்தேன். கரு வெளுத்துப்போய் வெறும் வெள்ளைப் பொட்டு, பரவாயில்லை, அதை முந்தைய குறுகிய எக்ஸ்போஷர் படங்களிலிருந்து வைத்துத் தைத்துக்கொள்ளலாம். ஒளிவட்டமும் வந்தது, கந்தல் கந்தலாக. கூடவே ஒரு ஓரத்தில் மட்டும் பளிச்சென்று ஒரு திட்டு.

பக்கத்து நட்சத்திரத்தின் பிரதிபலிப்பு என்று முடிவு கட்டினேன். இல்லாவிட்டால் சென்சார் தூசி, ஃப்ளாட் (தூசி நிழலை நீக்க எடுக்கும் திருத்தப் படம்) சரியாக விழவில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து தடயமே தெரியாமல் அதை அழித்தேன். அழகாக அழித்தேன் என்று பெருமை வேறு. படத்தை நண்பர்களுக்கு அனுப்பியதும் ஒருவர் கேட்டார், "ஐசி 4677 எங்கே போச்சு?" அந்தத் திட்டுக்கு அட்டவணையில் சொந்த எண்ணே இருக்கிறது! தனிப் பொருள் என்று நினைத்து எண் கொடுத்திருக்கிறார்கள். பார்த்தால் பூனைக்கண்ணின் ஒளிவட்டத்திலேயே பிரகாசமான பகுதி அது. கஷ்டப்பட்டுப் பிடித்ததை நானே துடைத்து எறிந்திருக்கிறேன்.

*

அக்கா, நீங்களாவது கையால் துடைத்தீர்கள். எனக்கு மென்பொருளே துடைத்துக் கொடுத்தது. 135 மி.மீ. லென்ஸில் சிக்னஸ் (அன்னம்) மண்டலப் பகுதியை அகலமாக எடுத்து, நட்சத்திரங்களை நீக்கும் மென்பொருளில் ஓட்டினேன். அங்கே இருக்கும் கோள்வடிவ நெபுலா என்ஜிசி 7027 எங்கே என்று தேடினால் ஆளையே காணோம். அந்த லென்ஸில் அது மூன்று பிக்சல், நட்சத்திரக் கணக்கில் போய்விட்டது. மென்பொருள் தனியாகப் பிரித்து வைத்த நட்சத்திரப் படத்தைத் திறந்து பார்த்தேன், மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது, கொஞ்சம் பச்சையாக.

*

பச்சை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பூனைக்கண்ணை நோக்கித்தான் 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் நிறமாலைமானியைத் திருப்பினார். நட்சத்திரக் கூட்டம் என்றால் தொடர்ச்சியான வண்ணப்பட்டை வர வேண்டும். வந்தது தனிக்கோடு. வாயுதான் என்று அன்றைக்கே தீர்ந்துவிட்டது, ஆனால் அந்தப் பச்சைக் கோடு எந்தத் தனிமத்தினுடையது என்று தெரியாமல் ‘நெபுலியம்’ என்று ஒரு புதுத் தனிமத்துக்கே பேர் வைத்துவிட்டார்கள். 1927-இல்தான் ஐரா போவன் அவிழ்த்தார்: இரண்டு எலக்ட்ரான் இழந்த சாதாரண ஆக்சிஜன். 500.7 நானோமீட்டர், பக்கத்தில் 495.9. வாயு அவ்வளவு அடர்த்தி குறைந்து கிடந்தால்தான் அந்தக் கோடு எழும்.

நாம் காசு கொட்டி வாங்கும் ஓ-த்ரீ ஃபில்டர் அந்த ஒரு கோட்டுக்காகத்தான். என் பைத்தியம் ஏபெல் பட்டியல். பாலோமர் வான் கணக்கெடுப்புத் தட்டுகளிலிருந்து ஜார்ஜ் ஏபெல் பொறுக்கி, 1966-இல் 86 மங்கலான நெபுலாக்களை வரிசைப்படுத்தினார். அதில் 39-ஆம் எண், ஹெர்குலிஸ் மண்டலத்தில், காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி உருண்டை. ஐந்து நிமிட ஃபிரேமில் ஒன்றுமே தெரியாது. ஆயத்தொலைவை நம்பி, எதுவும் இல்லாத இடத்தைப் பார்த்து மணிக்கணக்கில் சுட வேண்டும். பாதியில் பலமுறை சந்தேகம் வந்தது, மவுண்ட் சரியான இடத்தைத்தான் பார்க்கிறதா என்று. பதினோரு மணி நேரம் சேர்த்த பிறகுதான் குமிழி எழுந்தது. அதில் நிலா இருந்த ஒரு இரவை மொத்தமாகத் தூக்கி எறிந்தேன். ஹெச்-ஆல்ஃபாவை (ஹைட்ரஜனின் சிவப்பு ஒளி) நிலவொளியிலும் ஒப்பேற்றலாம். ஓ-த்ரீயை முடியாது, பின்புலம் வெளுத்துவிடும்.

இன்னொன்று. 2008-இல் டேவ் ஜுராசெவிச் என்ற அமெச்சூர், சிக்னஸில் கிரசண்ட் நெபுலாவுக்குப் பக்கத்தில் சோப்புக் குமிழி நெபுலாவைக் கண்டுபிடித்தார். கிரசண்ட்டை எடுக்காத ஆள் நம்மில் உண்டா? அந்தச் சேதி தெரிந்த அன்று என் பழைய கோப்புகளைத் தோண்டினேன். ஒரு மூலையில், மங்கலானதை எல்லாம் முடிந்த மட்டும் பிரகாசமாக்கிப் பார்த்தால், அரைவட்டமாக ஒரு சந்தேகம். கண் விரும்புவதைக் காட்டியதா, நிஜமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

*

ஆரம்பித்தவன் மறுபடி வந்திருக்கிறேன். நண்பரிடம் எட்டு அங்குலக் குழாயை இரவல் வாங்கினேன். முதல் இரவு 57 சட்டத்துக்குள்ளேயே வரவில்லை. 2000 மி.மீ.க்கு வானம் இத்தனை குறுகும் என்று யாரும் சொல்லவில்லையே! (சொல்லியிருப்பீர்கள், நான் கேட்டிருக்க மாட்டேன்.) இரண்டாவது இரவு முன்கண்ணாடியில் பனி படிந்து எல்லாம் பால் நிறம். மூன்றாவது இரவு சார் சொன்னபடியே 2 நொடி, 4000 ஃபிரேம், அரை மணிக்கொரு ஃபோகஸ்.

வளையம் இப்போது 220 பிக்சலுக்கு மேல். ஓட்டைக்குள் மெல்லிய நீலம், நடுவில் அந்த நட்சத்திரம், ஒரு குண்டூசி மாதிரி. வளையத்துக்கு 4 ஆர்க் நிமிடம் தள்ளி ஒரு புகை படிந்த மாதிரி கறை. தூசி என்று நினைத்து துடைப்பான் கருவியை எடுத்துவிட்டேன். பூனைக்கண் அக்கா ஞாபகம் வந்து கை நின்றது. வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். ஐசி 1296, சுருள் விண்மீன் மண்டலம்.